வெடிப்பைத் துடைத்த பெருவிரல்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் உச்சியில் ஒரு நீச்சல் குளம் உண்டு. அதற்குப் பொறுப்பான, குடியிருப்பாளர் சங்கச் செயலாளர் நான். தண்ணீர் தினமும் இறங்குவதைக் கண்டதும் கட்டடமே சரியப்போகிறது என்று நடுங்கினேன். நடுங்கிக்கொண்டே, ஒருவருக்கும் சொல்லாமல், இரண்டு கிழமையாக ஹோஸ் பைப்பால் நிரப்பிவந்தேன். கீழ்வீட்டு சீலிங் சொட்டிய பிறகுதான் மட்டக்குளியிலிருந்து குளம் திருத்தும் ஒருவரை அழைத்தேன்.

பஸ்ஸில் நின்றே வந்த களைப்பு அவர் தோளில் தெரிந்தது. எதைக் கேட்டாலும் முழங்காலைத் தேய்த்தபடி “பாப்பம்” என்பார்.

“முதல்ல பைப்பை மூடுங்க சேர். தண்ணி எங்க நிக்குதெண்டு பாப்பம்.”

மறுநாள் காலை, மிதக்கும் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மர் பெட்டியின் வாய்க்குச் சற்றுக் கீழே தண்ணீர் நின்றிருந்தது. பெட்டிக்குள் நீர் ஏறும்வரை நிரப்பச் சொல்லி, பீட்ரூட் சாறு கேட்டு வாங்கி, ஊசிக்குழாயால் மெல்ல விட்டார். சிவப்பு நூல்போல ஓடி ஒரு மூலைக்குள் நுழைந்தது.

“கட்டடம் விழாதா?”

“பெட்டிதான் வெடிச்சிருக்கு. கட்டடம் நிக்கும். நீங்கதான் விழப்போறீங்க, இருங்க சேர்.”

அந்நேரம் சங்கத் தலைவி மேலே வந்து, “எத்தனை நாளா ஒழுகுது?” என்று திருத்துநரிடமே கேட்டார். வெடிப்பின் ஓரத்தில் பச்சையாக, நாள்பட்ட பாசி. திருத்துநர் பெருவிரலால் அதை வழித்துத் துடைத்தார்.

“புது வெடிப்பு மிஸ். இப்பத்தான்.”

பசை குழைத்து அடைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே போனார். அவர் அப்படிச் சொன்னது இரக்கமா, உண்மை சொன்னால் எனக்கும் தலைவிக்கும் மூளும் சண்டையைக் கேட்டுக்கொண்டு நிற்க அந்த மனிதருக்குத் தெம்பில்லையா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.