இறங்குதா?

அந்தத் திரைத்துணிக் கடையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலாளிக்கும் அவள் அளவக்கா. முதலாளியைவிடப் பதினாறு வயது மூத்த இஸ்திரிக்காரருக்கும் அளவக்காதான். வீடு வீடாகப் போய் ஜன்னல்களை அளந்து வந்து, துணி வெட்டித் தைத்து, மறுபடி போய் மாட்டிக் கொடுப்பது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதைத்தான் செய்தாள். அறைக்குள் நுழைந்து ஒரு பார்வை பார்த்தால் போதும், அகலம் இவ்வளவு, இறக்கம் இவ்வளவு என்று சொல்லிவிடுவாள். மேலே கம்பியிலிருந்து கீழே துணி தொங்கும் நீளத்துக்குத்தான் அந்தத் தொழிலில் இறக்கம் என்று பெயர். பிறகு டேப்பை வைத்துச் சரிபார்ப்பாள். அரை அங்குலத்துக்கு மேல் பிசகியதில்லை.

தன் அளவை மட்டும் அவள் நெடுநாள் எடுக்காமலே இருந்தாள். கடைக்குப் புதிதாக ஓர் அலுமினிய ஏணி வந்தது. தாங்கும் எடை நூற்றிருபது கிலோ என்று அதன் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர். நாலாவது படியில் நின்றுகொண்டுதான் அதைப் படித்தாள். படித்த பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் கீழே வந்தாள். அன்று மாலை மருந்துக்கடை வாசலில் இருந்த மெஷின் நூற்று இருபத்தொரு கிலோ முந்நூறு கிராம் காட்டியது. அப்போது அவளுக்கு வயது நாற்பத்து நாலு.

சாப்பாட்டின் அளவைக் குறைக்க, இரைப்பையின் மேல்பாகத்தைச் சுற்றி ஒரு சிலிகான் வளையம் மாட்டும் ஆபரேஷன் பிப்ரவரி பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை நடந்தது. அந்த வளையத்திலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வந்து, தோலுக்கு அடியில் ஒரு சின்ன வட்டில் முடிகிறது. அதற்குள் ஊசி வழியாக உப்புநீர் ஏற்றினால் வளையம் இறுகும், உறிஞ்சினால் தளரும். வட்டை நர்ஸுகள் பொத்தான் என்றார்கள். அவளுக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது.

பொத்தான் சும்மா இருக்கவில்லை. பத்தொன்பதாம் நாள் அந்த இடத்தில் சீழ் வைத்தது; பத்து நாள் மாத்திரை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு. ஏழாம் மாதம் பொத்தான் உள்ளுக்குள்ளேயே குப்புறக் கவிழ்ந்துகொண்டது. டாக்டர் மூன்று முறை குத்திப் பார்த்தும் ஊசி நுழையவில்லை. நிமிர்த்தி வைக்க இன்னொரு சின்ன ஆபரேஷன் என்றார்.

"முன்ன எத்தனை தையல் போட்டீங்க டாக்டர்?"

"ரெண்டு."

"பொத்தானுக்கு நாலு போடணும். ரெண்டு போட்டா சட்டையிலேயே நிக்காது."

டாக்டர் சிரித்தார். ஆனால் நாலு போட்டார். அதற்குப் பிறகு பொத்தான் அசையவில்லை.

டிசம்பர் ஒன்பதாம் தேதி மூன்றாம் முறையாக வளையத்தை இறுக்கினார்கள். எடை தொண்ணூற்றேழு கிலோ நானூறு. இனி கிளினிக்குக்கு மூன்று மாதம் கழித்து வந்தால் போதும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதன்கிழமை காலை பத்தரைக்கு நர்ஸ் போன் செய்து விசாரிப்பார் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அவள் வீட்டில் அப்போது எல்லாருடைய வாயிலும் ஒரே கேள்விதான். கீழ்மாடியில் குடியிருந்த அண்ணி, அதாவது அவள் கணவனின் அக்கா, படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டாலே கதவைத் திறக்காமல் உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்.

"இறங்குச்சாடி?"

"இறங்குது அண்ணி."

"எங்க இறங்குது. தினம் படிதான் இறங்குற."

கடையிலும் அதே கேள்வி. பஸ் டிப்போவில் நேரம் குறிக்கும் வேலை பார்த்த அவள் கணவனும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எடை மெஷினுக்குப் பக்கத்தில் குனிந்து நின்று, வண்டி வரும் நேரத்தைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, "இறங்குதும்மா" என்பான். ஜன்னல் அளவுகள் எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில், இறக்கம் என்ற தலைப்புக்குக் கீழே அவள் அதைக் குறித்துவைப்பாள்.

ஆகவே டிசம்பர் பதினேழாம் தேதி நர்ஸ் முதல்முறை போன் செய்து, "எப்படி, இறங்குதா?" என்று கேட்டபோது, அவள் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

"நல்லா இறங்குதுங்க."

"வலி, காய்ச்சல்?"

"அதெல்லாம் இல்லை."

"சரி, ரெண்டு வாரம் கழிச்சுப் பேசறேன்." மறுமுனையில் பேனா காகிதத்தில் ஒரு கோடு இழுக்கும் சத்தம் கேட்டது.

நிஜமாகவே இறங்கியது. வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் இறங்கியது. ஏனென்றால் ஜனவரி பிறந்ததிலிருந்து மென்று விழுங்கியது எதுவும் உள்ளே போகவில்லை; தண்ணீரும் கஞ்சித் தண்ணீரும் மட்டும் கொஞ்சம் நின்றன. ரொட்டித் துண்டு ஒன்று நெஞ்சுக்கு நடுவில் வந்து நிற்கும். எச்சில் ஊறும். குளியலறைக்குப் போய்க் குனிவாள். விழுங்கியது விழுங்கியபடி திரும்பி வரும். படுத்தால் புளிப்பு தொண்டைக்கு ஏறி இருமல் பிடுங்கியது. ஜன்னலோர நாற்காலியில் இரண்டு தலையணை வைத்து, உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினாள்.

"இது சரிதானா?" என்று கணவன் ஒருமுறை கேட்டான்.

"அதுக்குத்தானே வளையம். அப்படித்தான் இருக்குமாம்."

அவன் நம்பினான். டிப்போவில் டிரைவர்கள் சொல்லும் காரணத்தையும் அவன் அப்படித்தான் நம்பிக் குறித்துக்கொள்வான்.

பசி என்ற ஒன்றே அவளைவிட்டுப் போயிருந்தது. அது போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. காலையில் தெருவில் நடக்கும்போது தரை கால்களைத் தொடுவதற்குக் கொஞ்சம் தாமதமாவது போலிருக்கும். சத்தங்கள் எல்லாம் துணிக்கு அந்தப் பக்கம் இருந்து வந்தன. யாரோ ஒருவர் வீட்டில், திரை மாட்டாத அறையில், வெயில் சுவர் முழுக்க விழுந்து கிடக்கும். அவள் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஜன்னல் பெரிதாகிக்கொண்டே போகும். அவள் மெல்லிய வெள்ளைத் துணியாக, அகலம் மட்டும் உள்ள ஒரு பொருளாக, காற்றில் உப்பித் தாழ்ந்து மறுபடி உப்புவாள். "அளவக்கா, எழுதிட்டீங்களா?" என்று யாராவது கேட்டால், வெகுதூரத்திலிருந்து வந்து, எழுதுவாள். பிசகாமல் எழுதுவாள். அந்த மாதங்களிலும் ஒரு துணிகூடக் குட்டையாகவில்லை.

இத்தனை லேசாக அவள் வாழ்நாளில் இருந்ததில்லை. அண்ணிகூடக் கிண்டலை மாற்றிக்கொண்டாள். "மொட்டை மாடிக்குப் போகாதடி. பறந்தேன்னா துணிக் கிளிப் போட்டு நிறுத்த எங்கிட்ட ஆள் இல்லை."

ஜனவரி இருபத்தெட்டு, நாலாவது போன். வழக்கமான கேள்வி, வழக்கமான பதில். வைப்பதற்கு முன் நர்ஸ் சொன்னாள்: "நல்லா மென்னு சாப்பிடுங்க. ஒரு வாய்க்கு இருபது தடவை. அப்பத்தான் சுலபமா இறங்கும்."

போனை வைத்துவிட்டு, மேசையில் பாதி வெட்டிக் கிடந்த துணியிடம் திரும்பியபோதுதான் அவளுக்கு உறைத்தது. நர்ஸ் இத்தனை நாளாகக் கேட்டது எடையை அல்ல, சோற்றை.

உடனே போன் செய்து சொல்லியிருக்கலாம். எண் கையிலேயே இருந்தது. சொன்னால் வரச்சொல்வார்கள், பார்ப்பார்கள், கழற்றிவிடுவார்கள். கழற்றினால் முப்பது கிலோவும் வந்த வழியே திரும்பி வந்து ஏறிக்கொள்ளும். இந்த லேசு போய்விடும். கத்தரிக்கோலை எடுத்து, விட்ட இடத்திலிருந்து வெட்டத் தொடங்கினாள்.

பிப்ரவரி பதினொன்று: "இறங்குதுங்க." பிப்ரவரி இருபத்தைந்து: "இறங்குதுங்க." இரண்டுமே எழுத்துக்கு எழுத்து உண்மை. அதுதான் அவளுக்கு வசதியாக இருந்தது.

மார்ச் பதினொன்றாம் தேதி அவள் ஒரு சங்கீதப் பள்ளியின் புதுக் கூடத்தில் இருந்தாள். ஒன்பது ஜன்னல்கள், ஒவ்வொன்றும் பதினாலு அடி இறக்கம். போனை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தாள். புதன்கிழமை கணவனுக்கு விடுமுறை. அவன் அதை எடுத்துக்கொண்டு பத்து இருபதுக்கு வந்து சேர்ந்தான். அவள் ஏணியின் உச்சியில் நாலாவது ஜன்னலுக்கு வளையங்களைக் கோத்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் காலையிலிருந்து தண்ணீர்கூட நிற்கவில்லை. கூடம் முழுவதும் வெள்ளையாக மிதந்துகொண்டிருந்தது. பத்தரைக்கு போன் அடித்தது.

"நீங்களே பேசுங்க. இறங்குதுன்னு சொல்லிடுங்க."

அவன் பேசினான். நேரம் குறிப்பவன் ஆதலால் எதையும் எண்ணில்லாமல் சொல்ல அவனுக்கு வராது.

"இறங்குதுங்க. இன்னைக்குக் காலைல எம்பத்து மூணு இருநூறு."

"எம்பத்து மூணு என்னதுங்க?"

"கிலோ."

"எடை நான் கேக்கலைங்களே. சாப்பாடு இறங்குதா?"

அவன் ஏணியை அண்ணாந்து பார்த்தான். மேலே அவள் துணியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். வேண்டாம் என்பது போல ஒரு முறை தலையசைத்தாள்.

"சாப்பாடு இறங்கி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சுங்க," என்றான் அவன். "நேத்திலேர்ந்து தண்ணியும் நிக்கல. அது அப்படித்தான் இருக்கும்னு சொன்னா. இல்லையா?"

மறுமுனையில் பேனாச் சத்தம் கேட்கவில்லை. "இப்பவே கூட்டிட்டு வாங்க," என்றாள் நர்ஸ்.

எக்ஸ்ரே அறையில் சுண்ணாம்பு போன்ற வெள்ளைத் திரவம் ஒன்றைக் குடிக்கக் கொடுத்து, அது போகும் வழியைத் திரையில் பார்த்தார்கள். அது போகவில்லை. வளையத்துக்கு மேலே குளம் கட்டி நின்றது. வளையம் இடம்விட்டு நழுவியிருக்கிறது, இரைப்பையின் கீழ்ப்பாகம் அதன் வழியாக மேலே ஏறி வந்துவிட்டது என்றார் டாக்டர். படம் வரையப் பேப்பர் தேடினார்.

"வேணாம் டாக்டர், புரிஞ்சுது. ரிங்கு கீழ சறுக்கிடுச்சு, துணி மேல சுருங்கிக் கெடக்கு."

"அதேதான். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா அந்த இடம் ரத்தம் இல்லாம அழுகியிருக்கும்."

பொத்தானில் ஊசி போட்டு வளையத்திலிருந்த உப்புநீர் முழுவதையும் உறிஞ்சினார்கள். மாலை நாலு இருபது. ஒரு டம்ளரில் பாதி தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தாள். தொண்டை, நெஞ்சு, அதற்குக் கீழே, இன்னும் கீழே என்று குளிர்ச்சி ஒரு கோடாகப் போவதைக் கண்ணை மூடிக்கொண்டு தொடர்ந்தாள். இருட்டான வீட்டில் யாரோ விளக்கை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் அறையாகப் போவது போலிருந்தது.

கண்ணைத் திறந்தபோது கட்டிலருகில் கண்ணாடி போட்ட, நரைத்த தலையுள்ள ஒரு பெண் நின்றிருந்தாள். போனில் கேட்ட குரலுக்கு இருபது வயதுப் பெண்ணை அவள் நினைத்து வைத்திருந்தாள்.

"ஏழு தடவை பேசியிருக்கோம்," என்றாள் நர்ஸ். கையில் அந்தப் படிவம் இருந்தது. "ஆறு தடவை டிக் போட்டிருக்கேன். சாப்பாடுன்னு ஒரு வார்த்தை சேத்துக் கேட்டிருக்கணும். என் தப்பும்மா."

அளவக்கா படிவத்தை வாங்கித் தேதிகளைப் பார்த்தாள். அதை அப்படியே திருப்பிக் கொடுத்திருக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை.

"நாலுதாங்க உங்க தப்பு. இந்த ரெண்டு என்னுது. எதைக் கேக்கறீங்கன்னு அப்ப எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"சொன்னா கழட்டிடுவீங்களே."

நர்ஸ் அந்த இரண்டு டிக்குகளின் மேலும் குறுக்குக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். திட்டவில்லை. அது போதாதென்று தலையணையைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

ஒரு வாரம் கழித்து டாக்டர் இரண்டு வழி சொன்னார். வளையத்தைப் பழைய இடத்தில் திரும்பப் பொருத்தலாம். மறுபடி நழுவாது என்று உறுதி சொல்ல முடியாது. அல்லது எடுத்துவிடலாம், எடுத்தால் எடை ஏறும், அதை அவர் உறுதியாகச் சொல்லவில்லை என்றாலும் முகத்தில் தெரிந்தது.

"திரும்ப வெச்சுக்கறியா?" என்று கணவன் கேட்டான். அவள் வேண்டுமென்பாள் என்றுதான் அவனும் நினைத்திருந்தான்.

"பசி இல்லாம இருந்தது எனக்குப் பிடிச்சிருந்தது," என்றாள் அவள். "தலை சுத்துறது கூடப் பிடிச்சிருந்தது. அதான் பயமா இருக்கு. எடுத்துடுங்க டாக்டர்."

ஏப்ரல் இரண்டாம் தேதி எடுத்தார்கள். பொத்தான் இருந்த இடத்தில் இரண்டு அங்குல நீளத்துக்கு ஒரு தழும்பு மிஞ்சியது. அண்ணி வந்து பார்த்துவிட்டு, "போட்டதும் வீண், எடுத்ததும் வீண்," என்றாள். சொல்லிவிட்டு அவளே அடுப்பில் சூப் வைத்து, ஆறவைத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தாள். எண்பத்திரண்டு கிலோ ஐந்நூறுக்கு வந்து நின்ற எடை, மே மாதக் கடைசியில் எண்பத்தெட்டானது. அவள் அதையும் நோட்டில் குறித்தாள். இறக்கம் என்ற தலைப்பை மட்டும் அடித்துவிட்டு, எடை என்று எழுதினாள்.

ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை. புதிதாகக் கட்டிய ஒரு வீட்டின் முன்னறையில் கடல்பச்சைத் துணியை மாட்டிக்கொண்டிருந்தாள். பதினொன்றே முக்கால் இருக்கும். விலா எலும்புகளுக்குக் கீழே என்னவோ ஒன்று சின்னதாகக் கிள்ளியது. வலி என்று நினைத்துக் கையை வைத்தாள். வலி இல்லை. மறுபடி கிள்ளியது. வெகுநாள் வெளியூரில் இருந்துவிட்டு வந்தவர் வாசலில் தயங்கி நின்று தொண்டையைச் செருமுவது போல இருந்தது. அடையாளம் தெரிய அவளுக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. பசி. இதற்குத்தானே அவ்வளவு பயந்தாள்.

காற்று பச்சைத் துணியைத் தூக்கிக் கொஞ்ச நேரம் அந்தரத்திலேயே வைத்திருந்தது. அவள் தரையில் நின்று அதைப் பார்த்தாள்.

வீட்டுக்காரம்மாள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்மா?"

"மாட்டி முடிக்கப் பத்து நிமிஷம்," என்றாள். "அதுக்கு முன்னாடி நான் கொஞ்சம் சாப்பிடணும். மென்னு சாப்பிட இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும். எங்க உக்காரட்டும்?"