நாற்பது சீட்டும் தலைவர் கண்ணும்

கோட்டைக்குப்பம் கோதண்டம் ஓர் அகில உலக சேவைச் சங்கத்தின் கிளைத் தலைவரானது சீட்டுக் குலுக்கலில். சங்கத்தின் தலைமையகத்துக்கு இது தெரியாது. அங்கே உள்ள கோப்பில் 'ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்' என்றுதான் இருக்கிறது.

அதில் பொய் ஒன்றுமில்லை. பழவேற்காடு ஏரியில் இறால் கிடைக்கிற இடம் கொஞ்சம், வலை அதிகம். எல்லாரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் இறங்கினால் இறாலைவிடப் போலீஸ் கேஸ்தான் நிறைய விழும். அதனால் யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பாடு விழுந்துவிட்டால் அப்பீல் கிடையாது. இப்படிப்பட்ட ஊரில் வந்து, இருபத்திரண்டு உறுப்பினரில் ஒருவரைத் தேர்தல் நடத்தித் தலைவராக்குங்கள் என்றால் நடக்கிற காரியமா? தேர்தல் வைத்தால் இருபத்தோரு பேர் முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள். ஒரு தூக்குச்சட்டியில் இருபத்திரண்டு சீட்டைப் போட்டுக் குலுக்கினார்கள். கோதண்டம் பெயர் வந்தது. ஏகமனதாக ஏற்றுக்கொண்டார்கள்.

கோதண்டத்துக்கு ஐம்பத்தாறு வயது. பதினான்கு வயதில் நைனாவோடு கடலுக்குப் போனவர். இருபது வருடமாகப் படகின் சுக்கான் அவர் கையில். ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்தில் மணல்திட்டு அடிக்கடி இடம் மாறும். அலை எங்கே உடைகிறது என்று பார்த்துப் படகை நுழைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பக்கத்துத் தீவு பசியாவரம் வரைக்கும் பேச்சு. பேச்செல்லாம் மற்றவர்களுடையது. அவர் ஒரு நாளைக்குப் பேசுவது முப்பது வார்த்தை, அதில் பாதி எஞ்சினோடு.

அவர் கழுத்தில் பதக்கம் கோத்த நீலப் பட்டையை மாட்டி, கையில் ஒரு மேசைமணியைக் கொடுத்தார்கள். மணியடித்தால் கூட்டம் தொடங்கும். முதல் மாதம் அவர் அடித்தபோது குச்சி ஐஸ் வந்துவிட்டதென்று ஏழெட்டுக் குழந்தைகள் ஓடி வந்தன. அவ்வளவு வருகை அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் இல்லை.

கேலி கிடக்கட்டும். அந்த வருடம் படகுத் துறையில் சூரிய விளக்கு வந்தது. ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவுகிற பெண்களுக்குச் சிப்பி கிழிக்காத காலுறை வந்தது. கொடுத்த பொருளைவிடப் பேனர் பெரிசு, வாங்கியவரைவிடப் போட்டோவில் நின்றவர் அதிகம். ஆனால் பேனரைக் கழற்றிய பிறகும் விளக்கு எரிந்தது. காலுறையும் கிழியவில்லை.

தலைவரிடம் ஒரு ரகசியம் இருந்தது. ஒன்றரை வருடமாக வலது கண்ணில் பாலாடை போல ஒரு படலம். இடது கண்ணும் அதே வழியில் கிளம்பியிருந்தது. அலை உடைவது அவருக்கு இப்போது வெள்ளையாக ஒரு கலங்கல், அவ்வளவுதான். இது வெளியே தெரிந்தால் சுக்கான் வேறு கைக்குப் போய்விடும். தெரிந்தது அவர் மனைவி தேவகி ஒருத்திக்கு, அதுவும் அவர் மீனை முள்ளோடு வாயில் போட்ட அன்று. அப்படித்தான் அவர் நினைத்திருந்தார்.

ஜனவரியில் சங்கத்தின் மாவட்ட ஆளுநர் ராபர்ட்டிடமிருந்து கடிதம் வந்தது. கண்புரை அறுவைச் சிகிச்சைக்குச் சென்னை ஆஸ்பத்திரியில் நாற்பது படுக்கை ஏற்பாடாகியிருக்கிறது, நாற்பது பெயர் அனுப்புங்கள் என்று. ஊரில் நூற்றெண்பது வீடு. நாற்பதை எப்படிப் பிரிப்பது? இதில் யோசிக்க என்ன இருக்கிறது. தூக்குச்சட்டியை எடுத்து வீட்டுக்கு ஒரு சீட்டுப் போட்டார்கள். தலைவர் வீட்டுச் சீட்டு மட்டும் இல்லை. பாடு பிரிக்கும்போது சட்டியைக் குலுக்குகிறவர் அந்த முறை தன் சீட்டைப் போடுவதில்லை. நாளைக்கு ஒருவன் ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது பாருங்கள்.

தேவகி அன்று அடுப்பைப் பற்ற வைக்கவில்லை.

"யோவ் தலைவரே, ஊருக்கே கண்ணு வாங்கித் தர்றியே, நீ மட்டும் தடவிக்கினே கெடப்பியா?"

"குலுக்குற கை, தேவகி" என்றார். அன்றைய கணக்கில் மூன்று வார்த்தை.

முகாம் பழவேற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. டாக்டர் சுபஸ்ரீ முன்னால் முதலில் உட்கார்ந்தவன் ராஜேந்திரன், கோதண்டத்தின் படகில் முன்னணியத்தில், அதாவது மூக்கு முனையில், நிற்கிறவன். அரைக் கிலோமீட்டர் தள்ளி மடவை மீன் கூட்டம் திரும்பினால் சொல்லிவிடுவான்.

"கண்ணுல என்ன தொந்தரவு?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க மேடம். அதோ அந்தக் காலண்டர் அடியில அச்சாபீஸ் பேரு கீது, படிக்கட்டா?"

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"சீட்டு வுழுந்துச்சு மேடம். வுட முடியுமா?"

மத்தியானத்துக்குள் சாயம் வெளுத்துவிட்டது. நாற்பது பேரில் புரை உள்ளவர்கள் பதினொருவர். மற்ற இருபத்தொன்பது பேருக்கும் கழுகுக் கண். நாலு மணிக்குப் பஸ் புறப்பட வேண்டும். டாக்டர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்போது பார்த்து ஆளுநர் ராபர்ட் கோட்டு, டை, போட்டோகிராபர் சகிதம் வந்து இறங்கினார். கோதண்டத்துக்கு அந்தப் பித்தளைப் பதக்கம் நங்கூரமாகக் கனத்தது.

ராபர்ட் கத்துவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் கோட்டைக் கழற்றி, சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி மடக்கி உட்கார்ந்து, பாடு என்றால் என்ன என்று முழுவதும் கேட்டார். பிறகு, பாடு விழுந்தவனால் அன்றைக்கு ஏரிக்குப் போக முடியாவிட்டால் என்ன செய்வான் என்றார்.

"மாத்திக் குடுப்பான்" என்றார் கோதண்டம்.

"அப்ப மாத்திக் குடுக்கச் சொல்லுங்க."

முப்பது வருடச் சங்க வாழ்க்கையில் ராபர்ட் எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறார். இவ்வளவு சின்னதாகவும் இவ்வளவு நன்றாகவும் அவர் பேசியது அன்றுதான்.

கோதண்டம் மணியடித்து விஷயத்தைச் சொன்னார். ஒருத்தரும் அசையவில்லை. நோய் இல்லாவிட்டால் என்ன, விழுந்த பாட்டை விட யாருக்கு மனசு வரும்? கடைசியில் ராஜேந்திரன் எழுந்தான்.

"என் பாட்டை நம்ம தலைவருக்கு மாத்தறேன்."

"எனக்கு இன்னா?" என்றார் கோதண்டம்.

"ஒண்ணரை வருஷமா மொகத்தாரத்துல தொண்டை கிழிய, வலப்பக்கம் ஒடையுது, இடப்பக்கம் வாங்குன்னு கத்திக்கினு வர்றேனேணா, எனக்குப் பொழுது போவாமயா?"

கோதண்டம் தன் படகின் மற்ற மூன்று பேரையும் பார்த்தார். மூவரும் தரையைப் பார்த்தார்கள். ராஜேந்திரனுக்கு வாய் நீளம் என்றுதான் அவர் இத்தனை நாளும் எண்ணியிருந்தார். இரண்டு தடவை வாயை மூடிக்கொண்டு வரச் சொல்லியும் இருக்கிறார். திட்டு வாங்கிக்கொண்டே கத்தியிருக்கிறான். நால்வருக்கும் தெரிந்திருக்கிறது, ஒருவன் கையும் சுக்கான் பக்கம் நீளவில்லை.

அதன் பிறகு சீட்டுகள் கை மாற ஆரம்பித்தன. எதிர்வீட்டுக்கு, மாமியாருக்கு, ஒரு வருடமாகப் பேசாதிருந்த பங்காளிக்கு. பசியாவரத்திலிருந்து இரண்டு பேரைக் கூட்டிவர ஒரு படகு ஓடியது. நாலே முக்காலுக்குப் பஸ் கிளம்பியது, உள்ளே நாற்பது பேர், நாற்பதும் நிஜப் புரை. 'பயனாளிகள் இருமுறை பரிசீலித்துத் தேர்வு செய்யப்பட்டனர்' என்று சங்கத்தின் இதழில் வந்தது. இதிலும் பொய் ஒன்றுமில்லை.

ஜூன் கடைசியில் பதவி முடிந்தபோது கோதண்டத்தை நன்றி சொல்லச் சொன்னார்கள். டாக்டர், பஸ் டிரைவர், ராபர்ட் சார், கோட்டைக் கழற்றிவிட்டு அவர் உட்கார்ந்த அந்தப் பெஞ்சு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அன்றைய முப்பதையும் மேடையிலேயே செலவழித்துவிட்டார். ராஜேந்திரன் பெயர் வரவில்லை. அவன் கைதட்டிக்கொண்டுதான் இருந்தான்.

மறுநாள் விடியலில் படகு முகத்துவாரத்தை நெருங்கியது. அலையின் விளிம்பு கோதண்டத்துக்குக் கோடு கிழித்ததுபோலத் தெரிந்தது. சிகிச்சைக்குப் பிறகு அவர் கடலுக்குத் திரும்பிய நாளிலிருந்தே ராஜேந்திரன் முன்னணியத்தில் வாய் திறவாமல் நின்றான்.

"இன்னாடா, வாய் தெறக்கறதே இல்ல?"

"உனக்குத்தான் தெரியுதேணா."

"தெரியுது. நீ சொல்லிக்கினு வா" என்றார் கோதண்டம்.