ஈரத்தில் தெரிந்த இடது கால்

அம்மன் எங்களைக் காப்பாற்றியதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் என் தவறை மறைத்துவிட்டு அதைச் சொல்ல முடியாது.

என் மகள் சாருவுக்குப் பன்னிரண்டு வயது. போன ஆடியில் ஒருநாள் நடன வகுப்பிலிருந்து வந்து, "முட்டி வலிக்குதும்மா" என்றாள். தி.நகரில் ஒரு கிளினிக்கில் முட்டியை எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பில் ஒன்றுமில்லை, வளர்கிற வயதில் வரும் வலி என்றார்கள். மாத்திரையில் கேட்கவில்லை. நடனத்தில் முட்டியை மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டிக்கே அழுதாள். இன்னொரு டாக்டரிடம் போயிருக்க வேண்டும். நான் வேண்டிக்கொண்டேன்.

மயிலாப்பூரில் எங்கள் தெருமுனை அம்மன் கோயிலில் நாற்பத்தெட்டு நாள், தினமும் ஒன்பது சுற்று. சாருவே சுற்றுவாள் என்று வேண்டுதல். அவளுக்குச் சற்றுப் பூசினாற்போன்ற உடம்பு. எடையும் குறையுமே என்று நினைத்தேன். வேண்டிக்கொண்டது நான். நடந்தது அவள்.

ஐந்தாம் நாளே வாசலில் பூ விற்கும் அம்மா கேட்டார். "இன்னாம்மா, கொயந்த காலை இஸ்துக்கினு நடக்குது, நீ பாட்டுக்கு சுத்தவுட்டுக்கினு கீற?"

"டான்ஸ் ஆடுற பொண்ணு, பாதம் அப்படித்தான் வெளிய திரும்பும்" என்றேன். மறுநாளிலிருந்து எதிர்ப்பக்கத்தில் பூ வாங்கினேன்.

"இன்னிக்கு அஞ்சு சுத்து போதுமாம்மா?" என்று சாரு கேட்பாள்.

"சாமிகிட்ட பேரம் பேசாதடி."

இதை எழுதும்போது கை கூசுகிறது.

முப்பத்துமூன்றாம் நாள். குழாயில் கால் கழுவிக்கொண்டு சாரு முன்னால் போனாள். அன்று எனக்கு மந்திரம்கூட வரவில்லை. "தாயே, எனக்கு ஒண்ணும் புரியல. நீயே காட்டு" என்று மட்டும் சொல்லித் தலைகுனிந்து நடந்தேன். கருங்கல் தரையில் அவளுடைய ஈரக் காலடிகள் இருந்தன. வலது கால் நேராக. இடது கால் முழுக்க வெளிப்பக்கம் திரும்பி, கட்டைவிரல் தேய்ந்த கோட்டோடு. ஒவ்வோர் அடியும் அப்படியே. நடனத்தில் திரும்பினால் இரண்டு காலும் அல்லவா திரும்பும்?

பாதிச் சுற்றிலேயே அவளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

அடையாறில் குழந்தைகளுக்கான எலும்பு டாக்டர் முட்டியைத் தொடவே இல்லை. இடுப்பை எக்ஸ்ரே எடுத்தார். தொடை எலும்பின் தலைப்பகுதிக்குக் கீழே, பிள்ளைகள் வளர்வதற்கென்று ஒரு மெல்லிய குருத்துத் தட்டு உண்டாம். அந்த இடத்தில் எலும்பின் தலை நழுவியிருந்தது. கோளாறு இடுப்பில், வலி முட்டியில்.

"இனி ஓரடிகூட வைக்கக் கூடாது" என்று சக்கர நாற்காலியை வரவழைத்தார். முழுக்க நழுவினால் ரத்த ஓட்டம் நின்று எலும்பே செத்துவிடலாம் என்றார். "இந்த வலியோட ரொம்ப நடந்தாளா?" என்று கேட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார்.

மறுநாளே ஆபரேஷன். ஒரு ஸ்க்ரூ வைத்து, மேலும் நழுவாமல் நிறுத்தினார்கள். மயக்கம் தெளிந்ததும் சாரு கேட்டாள்: "மீதி நாள் சுத்தலையே, சாமி கோச்சுக்குமாம்மா?"

மீதிச் சுற்றுகளை நான் சுற்றினேன். ஒவ்வொரு சுற்றிலும் மன்னிப்புத்தான் கேட்டேன்.

இப்போது சாரு ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறாள். இடது பாதம் இன்னும் கொஞ்சம் வெளியே திரும்பியே இருக்கிறது. பழைய அரைமண்டி வருமா, தெரியாது. வளர்ச்சி முடியும்வரை வலது இடுப்பையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்; அங்கேயும் நழுவலாமாம்.

பூக்கார அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். "இன்னாத்துக்கு அளுவுற? பொண்ணு நடக்குதுல்ல, இந்தா பூ வச்சிக்க" என்றார்.

அம்மன் முப்பத்துமூன்றாம் நாள்தான் பதில் தந்தாள் என்று நான் சொல்ல மாட்டேன். ஐந்தாம் நாளே இந்தப் பூக்கார அம்மாவின் வாயால் சொன்னாள். எனக்குத்தான் காது இல்லை. நம்பி வேண்டிக்கொள்ளுங்கள், அவள் கைவிட மாட்டாள். ஆனால் உங்கள் பிள்ளை "வலிக்கிறது" என்று சொன்னால், அதையும் அவள் குரலாகவே கேளுங்கள்.