ஒன்பதாம் அம்புக்குறி

"வினாத்தாள் விண்ணப்பதாரியின் மொழியில் வழங்கப்பட வேண்டும். பெறுபேறு குறித்த முறையீட்டுக்கு இருபத்தொரு நாட்களுக்குள் எழுத்தில் பதில் அனுப்பப்பட வேண்டும்." படகில் பறவை காட்டும் வழிகாட்டிகளுக்கான பரீட்சை அறிவித்தலின் ஏழாம் பந்தி இது. புத்தளத்துக்கு அப்பால் பள்ளிவாசல்துறையில் இருக்கும் அன்சாருக்குக் கொடுக்கப்பட்ட வினாத்தாள் சிங்களத்தில் இருந்தது. அவருக்காக நான் எழுதிய முறையீட்டுக்கு அறுபத்திரண்டாம் நாளும் பதில் இல்லை. ஆகவே ஜனவரி 20ஆம் திகதி காலை 5.15க்குக் கொழும்பில் புத்தளம் பஸ் ஏறினேன்.

தூரம் 130 கிலோமீற்றர், கட்டணம் 260 ரூபாய். கண்ணாடியில் 'அரை சொகுசு' என்று எழுதியிருந்தது. எந்த அரை என்று சிலாபம் வரை தேடியும் கிடைக்கவில்லை.

9.40. புத்தளம். பரீட்சை நடத்திய கந்தோரில் மூன்றாம் கருமபீடத்தில் இருந்த இளைஞர் மரியாதையானவர். மரியாதையானவர்களிடம் வேலை நடப்பதில்லை என்பது என் முப்பத்தாறு வருட அரச சேவை அனுபவம்.

"ஃபைல் கொமிட்டியில இருக்கு, சேர்."

"கொமிட்டி எப்ப கூடும்?"

"தலைவரை நியமிச்ச பிறகு. ஆனா உங்கட கடிதத்தில நாலாம் பந்தியைப் பார்த்தா, கொமிட்டி கூடவே தேவையில்ல போல."

அந்த நாலாம் பந்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வினாத்தாளில் ஒரு பறவையின் படம். அதன் உடலெங்கும் பதினைந்து அம்புக்குறிகள். ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் எழுத வேண்டும். பன்னிரண்டு சரியானால் சித்தி. அன்சாருக்குப் பதினொன்று. ஒன்பதாம் அம்பு காலின் நடுவே பின்பக்கமாக மடியும் மூட்டைக் காட்டியது. அதற்கு அவர் 'குதி', அதாவது குதிகால், என்று எழுதியிருந்தார். 'முழங்கால்' என்பதே விடை என்று பிழை போட்டிருந்தார்கள். வினாத்தாளின் மொழியைப் பற்றித்தான் என் வழக்கு. நடுநிலையாகத் தெரிய வேண்டும் என்று, 'ஒன்பதாம் விடை பிழையென்பதை விண்ணப்பதாரி ஒப்புக்கொள்கிறார்' என்று நாலாம் பந்தியில் சேர்த்திருந்தேன். அன்சாரும் கையெழுத்து வைத்திருந்தார்.

12.30. கற்பிட்டி பஸ்ஸில் எத்தாளை வரை வந்து, அங்கிருந்து 300 ரூபாய்க்கு முச்சக்கரவண்டி பிடித்துப் பள்ளிவாசல்துறை போய்ச் சேர்ந்தேன். அன்சார் தொண்ணூறில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த மீனவர். நான் புத்தளத்தில் வேலை பார்த்த காலத்தில் பழக்கம். யுத்தம் முடிந்து வெள்ளைக்காரர்கள் கற்பிட்டிப் பக்கம் வரத் தொடங்கியதும், படகில் நாலு கதிரையும் மேலே கூரைத்துணியும் பூட்டிவிட்டார். அவை இருக்க வலை போட முடியாது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஆளேற்றவும் முடியாது. மார்ச் முடிந்தால் வெளிநாட்டுப் பறவைகள் போய்விடும். அனுமதி வரும்வரை அந்தப் படகு கரையில் கிடக்கும் நாலு கதிரை மட்டுமே.

"சாப்பிட்டுட்டுக் கதைப்பம், சேர்," என்றார்.

"அந்த ஒன்பதாவதை மட்டும் சரியா எழுதியிருந்தா நான் இங்க வரத் தேவையே இல்ல. கால் நடுவில மடியிறது முழங்கால். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

அன்சார் சிரித்தார். "ரமீசா, சேருக்கு அந்தக் காலைக் காட்டு."

அவர் சற்று முன் அறுத்துக் கொடுத்த கோழியை அவர் மனைவி ரமீசா குசினி வாசலில் துண்டுபோடத் தொடங்கியிருந்தார். விரல் வரை முழுசாக இருந்த காலொன்றைத் தூக்கிப் பிடித்தார்.

"இது தொடை. இது சதைக்கால். ரெண்டும் சேருற மூட்டு இந்தா, மேல இருக்கு. உசிரோட இருக்கக்குள்ள இறகு மூடியிருக்கும். இதுதான் முழங்கால், நம்மட மாதிரி முன்னுக்குத்தான் மடியுது. கீழ பின்னுக்கு மடியிறது குதி. கோழி குதியைத் தூக்கிக்கொண்டு விரல்ல நடக்குது, சேர். எத்தினை வருசமா கோழி தின்னுறீங்க?"

காலை வாங்கி மடித்துப் பார்த்தேன். மடிந்தது.

"அப்ப பிழை எண்டு நான் எழுதினதுக்கு ஏன் கையெழுத்து வைச்சீங்கள்?"

"சேர் எழுதினா சரியாத்தானே இருக்கும். நான் வாசிக்கல்ல," என்றார் அன்சார்.

"நான் வாசிச்சன்," என்றார் ரமீசா. "சொன்னன். 'கந்தோர்க் கதை அப்பிடித்தான், சும்மா இரு' எண்டுட்டார்."

4.00. படகில் கடலோரக் களப்புக்குப் போனோம். முன் கதிரை எனக்கு. நெற்றி, உச்சி, பிடரி, தொண்டை, மார்பு என்று அன்சார் சொல்லிக்கொண்டே போனார். இவற்றுக்குத் தமிழில்லை என்று எந்தக் கந்தோர் முடிவுசெய்ததோ தெரியவில்லை.

"அந்தா ஆலா. இப்ப நெத்தி வெள்ளை. போற காலத்தில நெத்தியும் உச்சியும் ஒண்டாக் கறுக்கும். வேற பறவை எண்டு நினைச்சிடாதீங்க."

ஆலா என்ற அந்தக் கடற்பறவை அலகைக் கீழே குத்திட்டு வைத்து, ஒரே இடத்தில் சிறகடித்து நின்றது. பாயாமல் விலகிப் போனது.

"மீன் ஆழத்துக்குப் போயிட்டு," என்றார் அன்சார்.

மணல் திட்டில் ஒரு கொக்கு, கால்களின் கீழ்ப்பாதியை முன்னே நீட்டிக் குந்தியிருந்தது. அன்சார் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "எதில இருக்கு, சேர்?"

"குதியில," என்றேன்.

மறுநாள் 8.30. இரவு எழுதிய இரண்டாம் கடிதத்தை, கோழிக்காலின் படத்தோடு, மூன்றாம் கருமபீடத்தில் கொடுத்தேன். இந்தமுறை அன்சாரையும் ரமீசாவையும் வாசிக்கவைத்துத்தான் கையெழுத்து வாங்கியிருந்தேன்.

இளைஞர் இரண்டு கடிதங்களையும் அருகருகே வைத்தார். "ரெண்டையும் நீங்கதானே எழுதினீங்க?"

"ஓம்."

"அப்ப எதுக்கு சேர் பதில் போடுறது?"

பிரதியில் முத்திரை கேட்டேன். முந்தின நாள் திகதியோடு குத்தினார். மாற்றிக் குத்தச் சொன்னேன்.

திரும்பும் பஸ்ஸில் அரை சொகுசும் இல்லை. 'விண்ணப்பதாரி ஒப்புக்கொண்டுள்ளார்' என்ற ஒற்றை வரியைப் பிடித்து என் சேவைக்காலத்தில் நான் மூடிய முறையீட்டுக் கோவைகள் எத்தனை என்று எண்ணப் பார்த்தேன். மாதம்பைக்கு வருமுன் விட்டுவிட்டேன். அந்த விண்ணப்பதாரிகளில் எவருடைய கோழிக்காலையும் நான் மடித்துப் பார்த்ததில்லை.

பெப்ரவரியில் ஒரு நினைவூட்டல், மார்ச்சில் இரண்டு. ஏப்ரல் தொடக்கத்தில் அன்சார் கதிரைகளைக் கழற்றிவிட்டு வலையோடு போகத் தொடங்கினார். பிறகொரு நாள் தொலைபேசியில் வந்தார்.

"சேர், கடிதம் வந்திருக்கு. ஒன்பதாம் விடை சரியாம். அனுமதிப்பத்திரத்துக்கு வரட்டாம்."

"பறவைகள்?"

"ஆலா எல்லாம் போயிட்டு. ஒக்டோபருக்குத்தான் வரும். கதிரை நாலும் வீட்டு முன்னுக்குக் கிடக்கு, ஒண்டில ரமீசா இருக்கிறா. திருப்பித் தரமாட்டாவாம்."

என்றைக்குக் கிடைத்தது என்று கேட்டேன். கோவைக்குத் தேவை.

"இண்டைக்குத்தான், சேர்."

மே 6.