சங்குக்கு அசையாத குதிரை

ஜட்கா ஓட்டிப் பிழைத்தவனுக்குக் குதிரை உதைத்த வலி ஒரு வாரம், சக வண்டிக்காரன் உதைத்த வலி ஆயுசுக்கும். எனக்கு முதல் உதை கொடுத்தவன் மந்தாரக்குப்பத்துக் கோதண்டம். வாயில்லா ஜீவனை நம்பிச் சோறு தின்ற உங்களுக்கெல்லாம் இது புரியும்.

போட்டி

நெய்வேலியில் அப்போது ரோடெல்லாம் செம்மண். பலாப்பழ சீசனில் காடாம்புலியூர்ச் சவாரி போய்வந்தால் வண்டி நாள்கணக்கில் மணக்கும். குவார்ட்டர்ஸ் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோக நிரந்தரமாக ஒரு வண்டி வேண்டும் என்றார்கள் சுரங்க ஆபீஸ்காரர்கள். அந்த நேரத்தில்தான் சுரங்கச் சங்கு ஊதும், குதிரைகள் மிரளும். அதனால் மைதானத்தில் ஒரு போட்டி வைத்தார்கள். சங்குக்கு அசையாத குதிரைக்கே சவாரி. சங்கு ஊதியதும் என் குதிரை ராணி காதை விடைத்து, ஒரு காலைத் தூக்கி வைத்தாள். கோதண்டத்தின் குதிரையோ கண்ணோரம் ஈ உட்கார்ந்தும் இமைக்கவில்லை. நடுவராக நின்ற திருநெல்வேலி இன்ஜினியர் அதைத் தட்டிக்கொடுத்துச் சொன்னார்: "குதிரைன்னா இப்படில்லா இருக்கணும்."

வெல்ல உருண்டை

மறுநாள் தண்ணீர்த் தொட்டியருகே கோதண்டம் குதிரைக்கு வெல்ல உருண்டை ஊட்டிக்கொண்டிருந்தான். பிடுங்கிப் பிட்டுப் பார்த்தேன். உள்ளே அபின்.

"இதைக் குடுத்தா ஜெயிச்ச? அடுக்குமாடா?" என்றேன்.

அவன் வெட்கப்படவே இல்லை. மடியிலிருந்து இன்னோர் உருண்டையை எடுத்தான். "சங்கு ஊதினா என்னுது நிம்மதியா நிக்குது. உன்னுது பயந்துகினு நடுங்குது. எது பாவம், நீயே சொல்லு."

மழை நாள்

அதற்குப் பதில் ஐப்பசி மழையில் வந்தது. பிள்ளைகளோடு போன கோதண்டத்தின் குதிரை, வளைவில் கால் வழுக்கியதுகூடத் தெரியாமல் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. கோதண்டம் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். பின்னால் வண்டியில் வந்த நானும் அவனுமாகத்தான் தூக்கி நிறுத்தினோம்.

பிள்ளைகளை என் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். வழியில் சங்கு ஊதியது. ராணி மிரண்டாள். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து, சேற்றில் காலைப் பார்த்துப் பார்த்து வைத்து நடந்தாள். பின்னாலிருந்து ஒரு பெண்பிள்ளை சொன்னது: "மாமா, இது பயப்படுது, ஆனா முழிச்சுகிட்டு இருக்கு."

பிறகு பள்ளிக்கூடத்துக்கு பஸ் வந்தது, கோதண்டமும் போய்ச் சேர்ந்தான்; 'உன் ராணிதான் ஜெயிச்சுது' என்று அவன் சொல்ல வேண்டிய பாக்கியை மகனிடமாவது கேட்கலாமென்றால், அந்தப் பிள்ளை டவுன் பஸ் ஓட்டுகிறான், அப்பா குதிரை வளர்த்த கதையே தெரியாதாம்.