ஒங்க நெரைய நீங்க பாருங்க

மண்டபம் முகாமிலிருந்து ரயிலும் பஸ்ஸுமாக மாறி மாறி வந்து சின்னசேலத்தில் இறங்கியபோது எனக்கு அழக்கூடத் தெம்பில்லை. கப்பலுக்கு வரிசை, முகாமில் வரிசை, கஞ்சிக்கு வரிசை என்று எழுபதுகளின் அந்த வருடம் முழுக்க நின்றே கழிந்திருந்தது. என் வீட்டுக்காரரின் தாத்தா நைனார்பாளையத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்துதான் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனாராம். அந்த ஒரு வார்த்தையை நம்பி வந்து சேர்ந்தோம். தூரத்துப் பங்காளி ஒருவர் தன் மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கிக் கொடுத்தார். இலங்கையில் எங்களை இந்தியாக்காரர்கள் என்றார்கள். இங்கே சிலோன்காரங்க. எதுவாகவோ இருந்துவிட்டுப் போகிறோம், கால் நீட்ட ஓர் இடம் கொடுத்தால் போதும் என்றிருந்தது.

என் வீட்டுக்காரர் ஒரு மாதம்கூட அந்த வெயிலைத் தாங்கவில்லை. கல்வராயன் மலையில், கரியாலூர்ப் பக்கம், கூலி வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டு ஏறிப் போனார். முதல் தடவை இறங்கி வந்தபோதே, "மேல நல்லாக் குளிருது. இங்க ஒனக்கு வேலை அமையலன்னா எல்லாரும் அங்கயே போயிருவோம்" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். மறுபடியும் மூட்டை கட்ட என்னால் ஆகாது. எப்படியாவது இந்த ஊர் நடவு ஆட்களோடு ஒட்டிக்கொண்டுவிட வேண்டும். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நடவுக்கு ஆள் சேர்க்கும் அம்மாள் விடியும்போது தெருவில் நடந்துகொண்டே கூப்பிடுவாள். யாரையும் பெயர் சொல்லமாட்டாள். "ஏ வேப்பமரத்து வூடு, ஏ மேட்டு வூடு, கெளம்புங்கடி" என்று குரல் போகும். எங்கள் சாய்ப்புக்கு முன்னால் மட்டும் குரலை இறக்கி, "ஏம்மா, நீயும் வர்றியா?" என்பாள். விருந்தாளியைக் கேட்கிற மாதிரி இருக்கும். நான் போனேன்.

தேயிலைச் செடிக்கு முன்னால் நின்றே பழகிய முதுகு என்னுடையது. கழனியில் குனிந்தால் குனிந்ததுதான். கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். நட்டுக்கொண்டே பின்னால் நகர வேண்டும் என்பதே எனக்கு விளங்க நேரமாயிற்று. என் பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்தவள் அவ்வப்போது என் பங்குக்குள் கையை நீட்டி நாலு நாற்றை ஊன்றிவிட்டுப் போனாள். தோட்டத்தில் ஆளுக்கொரு செடி வரிசை உண்டு, அதை நிரை என்போம். அடுத்தவள் நிரையில் கை வைத்தால் அவள் கொழுந்தைத் திருடுகிறாய் என்று அர்த்தம். நாங்கள் குடியிருந்த லயமே ரெண்டுபடும். அந்த நினைப்பில், "ஒங்க நெரைய நீங்க பாருங்க" என்று அவள் கையைத் தள்ளிவிட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் பக்கம் நகர்ந்துகொண்டாள்.

அப்புறம் எனக்கு வீம்பு பிடித்துக்கொண்டது. கொழுந்து கிள்ளிய கைக்கு வேகம் வராமலா போகும்? கொஞ்ச நாளிலேயே எல்லோருக்கும் முன்பாக வரப்பைத் தொட்டு நிமிர்ந்தேன். குடையோடு நின்ற நிலக்காரர் மற்றவர்களைப் பார்த்து, "சிலோன்காரி எப்படி நடுறா பாரு. நீங்களும் கீறீங்களே, கதை பேசிக்கினு" என்றார். பெருமையில் எனக்கு முதுகுவலிகூட மறந்துபோயிற்று.

மறுநாள் விடியலில் சும்மாட்டுத் துணியோடு வாசலில் தயாராக உட்கார்ந்திருந்தேன். வேப்பமரத்து வீட்டில் குரல் கேட்டது. அந்த அம்மாள் என்னைக் கடந்து போனாள். மேட்டு வீட்டில் மறுபடி குரல் கேட்டது. அதற்கடுத்த நாளும் அப்படியே. மலையிலிருந்து வந்த வீட்டுக்காரர், "போயிருவோமா?" என்று கேட்டார். நடவு முடியட்டும் என்று மட்டும் சொன்னேன். சண்டை போடவும் தெம்பில்லை.

அன்று கூப்பிடாமலே போய் வரப்பில் உட்கார்ந்தேன். யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கண்ணில் பட்டது. வயதானவள் ஒருத்தி பின்தங்கினால் இரண்டு பக்கத்திலும் இருப்பவர்கள் அவள் பங்கையும் சேர்த்து நட்டார்கள். எல்லோரும் ஒன்றாகத்தான் வரப்பை எட்டினார்கள். நிலக்காரர் யாரையும் தனியாகப் பிடித்துத் திட்ட முடியாது. அந்தப் பெண் என் பங்கில் கை நீட்டியதும் இதற்குத்தான். தோட்டத்தில் இப்படி ஒரு ஏற்பாடு இருந்திருந்தால் என் அம்மா கங்காணியிடம் அத்தனை ஏச்சு வாங்கியிருக்க மாட்டாள்.

அந்தப் பெண்ணுக்கு அன்று காய்ச்சல் போல. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் குனிவதுமாக இருந்தாள். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, அவள் பங்குக்குள் கையை நீட்டி நட ஆரம்பித்தேன்.

அவள் திரும்பாமலே சொன்னாள்: "ஒங்க நெரைய நீங்க பாருங்க."

அப்படியே என் தோட்டத்துப் பேச்சு, என் இழுவை. யாரோ களுக்கென்று சிரித்தார்கள், எல்லோருமே சிரித்தார்கள். "கேலி போதும், நாத்து காஞ்சிக்கினு கீது" என்றாள் ஆள் சேர்க்கும் அம்மாள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. கையை மட்டும் நான் எடுக்கவில்லை. அவளும் தள்ளிவிடவில்லை.

மறுநாள் விடியலில் நான் வாசலில் உட்காரவில்லை. பாயிலேயே கிடந்தேன். உடம்பில் வலிக்காத இடமில்லை. வேப்பமரத்து வீட்டில் குரல் கேட்டது, பிறகு காலடி கிட்டே வந்தது.

"ஏ சிலோன் வூடு, இன்னா இன்னும் தூக்கம்? கெளம்பு."

இன்றைக்கும் பொழுது சாய்கிறவரை குனிந்தே கிடக்க வேண்டும். புண்ணெல்லாம் எரியும். "வந்துட்டேங்க" என்று எழுந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என் பதிலுக்காக நிற்கவில்லை. மேட்டு வீட்டைக் கூப்பிட்டுக்கொண்டே போய்விட்டாள்.