தலைக்கு மேல் தூக்கிய கை

ஈ.சி.ஆர். ரோடு புதிதாகப் போட்டிருந்த சமயம். புதுப்பட்டினத்தில் நாங்கள் ஐந்து பேர் பைக் கிளப் வைத்திருந்தோம். ஒரு ஞாயிறு காலை, செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் புறப்பட்டோம். முன்னால் போகிறவர் தலைக்கு மேல் கையைத் தூக்கினால் மற்றவர்கள் உடனே நிறுத்திவிட வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. அன்று முன்னால் போனது நான்.

ஒரு வளைவு திரும்பியதும் மலைக்கோயில் கண்ணில் பட்டது. என்னை மறந்து இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி, "ஈஸ்வரா!" என்று கும்பிட்டேன். பின்னால் கிறீச்சென்று சத்தம். திரும்பிப் பார்த்தால், அடுத்து வந்த நண்பர் குமார் பைக்கோடு சறுக்கி நடுரோட்டில் கிடக்கிறார். எதிரே வந்த பஸ் அவர் தலைக்கு ஒரு முழம் தள்ளி நிற்கிறது.

ஓடிப்போய்த் தூக்கினேன். நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான்.

"இன்னா அண்ணாத்த, கைய தூக்கிட்டு நீ பாட்டுக்குப் போய்கினே கீற?"

"சாமி கும்பிட்டேன்பா." சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"நல்லா கும்பிட்ட போ! என்னை நேரா அவராண்டயே அனுப்பப் பாத்தியே!"

சட்டென்று பிரேக் போட்ட அந்த பஸ் டிரைவர் ரூபத்தில் வந்து காப்பாற்றியது ஈஸ்வரன்தான். இப்போதெல்லாம் வழியில் கோயிலைக் கண்டால், வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கைகளையும் கூப்பித்தான் கும்பிடுகிறேன்.